கட்டுமான மேலாண்மை ப்ராஜெக்ட்: திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

ஜனவரி பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம்கள் வரத் தொடங்கிவிடும். "சார், எம்.இ. ஃபைனல் இயர், கட்டுமானத் தாமதம் பற்றி ஒரு சின்ன சர்வே, அஞ்சு நிமிஷம்தான் சார்." திறந்தால் அறுபது கேள்வி. நாங்கள் படித்தபோது ஜெராக்ஸ் தாள்களைத் தூக்கிக்கொண்டு சைட் சைட்டாக அலைந்தோம், இப்போது லிங்க் வருகிறது. மற்றபடி அதே கேள்விகள், அதே தப்புகள். எழுத்துப் பிழை, பக்க எண், மேற்கோள் வரிசை எல்லாம் உங்கள் கைடு பார்த்துக்கொள்வார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் ஒரே கேள்வியில் மொத்தத்தையும் சாய்த்துவிடக்கூடிய விஷயங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கருத்தைக் கேட்டுவிட்டு, தாமதத்தை அளந்ததாக எழுதுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

வழக்கமாக நடப்பது இது. பழைய கட்டுரை ஒன்றிலிருந்து காரணப் பட்டியலை எடுப்பார்கள். அசாஃப், அல்-ஹெஜ்ஜி இருவரும் 2006ல் சவூதி அரேபியாவை வைத்து எழுதிய கட்டுரையில் 73 காரணங்கள் உண்டு, பலருக்கும் அதுதான் ஊற்று. அதில் நாற்பதைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் கேட்டு, ஆர்ஐஐ (சார்பு முக்கியத்துவக் குறியீடு: வந்த மொத்த மதிப்பெண்ணை அதிகபட்ச மொத்தத்தால் வகுப்பது) சூத்திரத்தில் போட்டு, தரவரிசை போட்டுவிட்டால் ஆய்வு முடிந்தது. முதலிடத்தில் பெரும்பாலும் 'கிளையன்ட் பணம் தரத் தாமதம்' இருக்கும். பதில் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் முக்கால்வாசிப் பேர் கான்ட்ராக்டர் பக்கத்து ஜூனியர் இன்ஜினியர்கள், அதிலும் பலர் அதே கல்லூரி சீனியர்கள். அவர்கள் கிளையன்டைத்தான் சொல்வார்கள். கிளையன்ட் ஆபீஸில் கேட்டால் கான்ட்ராக்டரிடம் ஆளே இல்லை என்பார்கள். எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அதற்கு எதிர்ப்பக்கத்தின் குற்றம் மேலே வந்து உட்காரும், அவ்வளவுதான்.

கணக்கையும் பாருங்கள். 40 பேர் பதில் சொல்கிறார்கள், அதிகபட்ச மதிப்பெண் 5, ஆக வகுப்பது 200ஆல். ஒரு காரணத்துக்கு மொத்தம் 169 வந்தால் 0.845, இன்னொன்றுக்கு 168 வந்தால் 0.840. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் இருப்பது யாரோ ஒருவர் பஸ்ஸில் போகும்போது நாலுக்குப் பதில் ஐந்தை அழுத்தியது மட்டும்தான். இதை மூன்று தசம இடத்தில் அட்டவணை போட்டு, க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வந்துவிட்டது, அதனால் தரவு நம்பகமானது என்று எழுதுவார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும். சைட்டில் என்ன நடந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு பையன் பெருங்குடி பக்கம் எங்கள் சைட்டுக்கே நேரில் வந்தான், நல்ல பையன். அவன் ஃபார்மில் பனிப்பொழிவு பற்றி ஒரு கேள்வி இருந்தது. பெருங்குடியில் பனிப்பொழிவு! வடகிழக்குப் பருவமழைக்குத் தனிக் கேள்வி இல்லை, எம்-சாண்ட் லாரி ஸ்ட்ரைக் இல்லை, தேர்தலுக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பும் பீகார், ஒடிசா ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவனை பில்லிங் டேபிளுக்குக் கூட்டிப் போய் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரை, அதாவது வேலைக்கு வந்த தடைகளைக் குறிக்கும் பதிவேட்டை, எடுத்துக் காட்டினேன். "இதெல்லாம் எழுதி வைப்பீங்களா சார்?" என்றான். அரசு வேலை என்றால் எழுதாமல் விட முடியாது தம்பி, எழுதாவிட்டால் கால நீட்டிப்புக் கேட்கவே வழியில்லை.

அந்த ரெஜிஸ்டரில் தடை என்ன, எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் நீங்கியது, மொத்தம் எத்தனை நாள் என்று கட்டங்கள் இருக்கும். அதற்கு அடுத்த கட்டம்தான் முக்கியம்: வேறொரு தடையோடு ஒன்றின்மேல் ஒன்று விழுந்த நாட்கள். அதைக் கழித்தால்தான் நிகரத் தாமதம். உதாரணத்துக்கு, டிராயிங் வராமல் நவம்பர் 3 முதல் 22 வரை 20 நாள் போச்சு, நடுவில் 10 முதல் 16 வரை மழை, 7 நாள். கூட்டினால் 27. நடந்தது 20தான். அந்த 20லும், டிராயிங் வராத வேலை கிரிட்டிக்கல் பாதையில் (ஒரு நாள் தள்ளினாலும் முடிவுத் தேதியைத் தள்ளிவிடும் வேலைகளின் தொடரில்) இல்லாமல், 20 நாளுக்குக் குறையாத ஃப்ளோட் (முடிவுத் தேதியைத் தொடாமல் தள்ளிப்போட முடிகிற நாட்கள்) இருந்திருந்தால் ப்ராஜெக்ட் முடியும் தேதி ஒரு நாள்கூட நகர்ந்திருக்காது. இப்போது அடுத்த கேள்வி: மழையும் டிராயிங்கும் சேர்ந்து விழுந்த அந்த ஏழு நாளுக்கு யார் பொறுப்பு? கான்ட்ராக்டருக்கு நீட்டிப்பு மட்டுமா, சும்மா நின்ற மிக்சருக்கும் சென்ட்ரிங் சாமானுக்கும் வாடகையும் சேர்த்துத் தர வேண்டுமா, இல்லை அவர்மேல் தாமத அபராதமா? பொருளாதாரம் என்று நீங்கள் தலைப்பில் போட்டிருப்பது இங்கேதான் தொடங்குகிறது. ஃபார்மில் 'டிராயிங் தாமதம்: 4' என்று ஒருவர் குறித்தால் இதில் எதுவுமே வெளியே வராது.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் வேளச்சேரி முதல் பரங்கிமலை வரையிலான பறக்கும் ரயிலைப் பாருங்கள். மொத்தம் ஐந்து கிலோமீட்டர், 2008ல் வேலை தொடங்கியது, ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கு நிலம் கிடைக்காமல் வழக்கில் பல வருடம் நின்றது. மீதி நாலரை கிலோமீட்டரில் தூண் நின்றும் அத்தனை வருடமும் ரயில் ஓட முடியவில்லை. 'நில எடுப்பு, சராசரி 3.8, ஒன்பதாம் இடம்' என்ற வரி இதைப் பற்றி என்ன சொல்கிறது?

சர்வேயே கூடாதா என்றால், கருத்துதான் உங்கள் ஆய்வுப் பொருள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். டெண்டரில் லாப சதவீதத்தை எப்படி முடிவு செய்கிறார்கள், பெண் இன்ஜினியர்கள் ஏன் சைட்டை விட்டு ஆபீஸுக்கு மாறுகிறார்கள், இதையெல்லாம் ஆட்களிடம்தான் கேட்க முடியும், அதையும் உட்கார்ந்து பேசிக் கேட்டால் நல்லது. தாமதத்துக்கும் செலவுக்கும் நாள் போட்ட தாள் இருக்கிறது. நாற்பது பேரின் ஞாபகத்தை விட ஒரே சைட்டின் ரெஜிஸ்டர், டிபிஆர் (தினசரி வேலை அறிக்கை), ஆர்ஏ பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) மூன்றும் போதும்.

எந்த வருடத்து ரூபாய்?

மதுரவாயல் துறைமுகப் பறக்கும் சாலையை 'செலவு எகிறியதற்கு' உதாரணமாகக் காட்டாத ஆள் குறைவு. 2009ல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பு 2,000 கோடிக்குள், 2012ல் கூவத்துக்குள் தூண் வருகிறது என்று வேலை நின்றது, 2022ல் மறுபடி அடிக்கல் நாட்டியபோது 5,000 கோடிக்கு மேல். ஆக, செலவு மூன்று மடங்கு என்று எழுதிவிடுவார்கள். நடுவில் பதின்மூன்று வருட விலைவாசி இருக்கிறது. அதைவிட, இரண்டாவது வந்தது ஈரடுக்குப் பாலம், வேறு டிசைன். இரண்டையும் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

ஃப்ளிவ்பியர்க் குழு 2002ல் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்தபோது, கட்டுவதென்று முடிவெடுத்த நாளின் மதிப்பீட்டை அடிப்படையாக வைத்து, விலைவாசி ஏற்றத்தை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட்டார்கள். நீங்களும் அதைச் செய்யலாம், கஷ்டமில்லை. மொத்த விலைக் குறியீட்டில் சிமெண்டுக்கும் ஸ்டீலுக்கும் மாதாமாதம் தனி எண் வருகிறது, பொதுப்பணித் துறையின் விலை விகித அட்டவணை வருடாவருடம் வருகிறது. அப்புறம் ஜிஎஸ்டி. சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் வாங்கிய பில்களை வரியோடு சேர்த்து ஒப்பிட்டுவிட்டு, பர்சேஸ் டிபார்ட்மென்டின் திறமையால் செலவு குறைந்தது என்று எழுதாதீர்கள்.

எஸ்டிமேட், டெண்டர் தொகை, ஒப்பந்தத் தொகை, ஃபைனல் பில் நான்கும் வேறு வேறு. 'ப்ராஜெக்ட் காஸ்ட்' என்று மொட்டையாக எழுதினால் எது என்று கேட்பார்கள்.

சதுர அடி விலை

கார்பெட்டா (சுவர்களுக்குள் புழங்கும் இடம்), பில்ட்-அப்பா (சுவரும் சேர்த்து), சூப்பர் பில்ட்-அப்பா (படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடத்தின் பங்கும் சேர்த்து)? எழுதவில்லை என்றால் அந்த அட்டவணையை நான் படிப்பதில்லை.

ரெரா தளத்திலிருந்து தேதியை அப்படியே எடுப்பது

ரெரா என்பது வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்யும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். அதன் தளத்தில் இருக்கும் முடிவுத் தேதி பில்டர் தானே அறிவித்தது, விவரமானவர்கள் தாராளமாகவே வைத்துக்கொள்வார்கள். அதற்குமேல் நீட்டிப்பும் உண்டு, 2020ல் கோவிட்டுக்காகத் தந்ததும் சேர்த்து. வீடு வாங்கியவரின் ஒப்பந்தத்தில் வேறு தேதி இருக்கலாம். இன்னொன்று, 500 சதுர மீட்டருக்குள் நிலம் அல்லது எட்டு வீடுகள்வரை என்றால் பதிவே தேவையில்லை. மேற்கு மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் பழைய வீட்டை இடித்து ஆறு ஃப்ளாட் போடுகிறவர்கள் உங்கள் தரவில் வரவே மாட்டார்கள். 'சென்னைக் குடியிருப்புத் திட்டங்கள்' என்று தலைப்பு வைக்கும் முன் யோசியுங்கள்.

தலைப்பில் பிம் (கட்டடத்தின் முப்பரிமாண டிஜிட்டல் மாடல்), உள்ளே எக்செல் பார் சார்ட்

வேண்டாம்.

'முறையான திட்டமிடல் அவசியம்'

இந்தப் பரிந்துரைக்கு ஒரு செமஸ்டர் எதற்கு?

டேட்டா கேட்கப் போகும் நேரம்

மாதக் கடைசி வாரத்தில் போகாதீர்கள், ஆர்ஏ பில் போடுகிற நேரம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஐந்து தேதிக்கு மேல் போங்கள். ப்ராஜெக்ட் மேனேஜரிடம் அனுமதி வாங்கிவிட்டு பில்லிங் இன்ஜினியர் பக்கத்தில் உட்காருங்கள், தாள்கள் அவரிடம்தான் இருக்கும். ஓடுகிற வேலையைக் கேட்டால் தயங்குவார்கள், முடிந்து கணக்குத் தீர்ந்த வேலையைக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கம்பெனி பெயர் வராது, ரேட்டை எல்லாம் ஒரே எண்ணால் பெருக்கி மறைத்துவிடுவேன் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும். கேட்காமல் ரெஜிஸ்டரை போனில் போட்டோ எடுக்காதீர்கள். ஒருவர் அப்படி எடுத்து மாட்டிக்கொண்டதால், ஒரு சைட்டில் அடுத்த இரண்டு பேட்ச் மாணவர்களை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.