சபையில் ஒருவரோடு மனக்கசப்பு வந்தால்: தனியே போய்க் கதைப்பதிலிருந்து தொடங்குவோம்

1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த ஊழியர் மட்டக்களப்புக்கு வந்ததிலிருந்து கணக்கிட்டாலே இங்குள்ள மெதடிஸ்த ஊழியத்துக்கு இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. கத்தோலிக்கரோ அதற்கும் முன்பிருந்தே இந்த ஊரில் இருக்கிறார்கள். இவ்வளவு காலம் ஒரே குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வழிபட்டுவந்ததால், பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவர் மச்சாளாகவும், காணிக்கைப் பை எடுத்து வருபவர் மாமாவாகவும், வேதபாடம் சொல்லித்தருபவர் அடுத்த வளவு அக்காவாகவும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கிடையில் வந்த பிணக்கு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குள் இரண்டு குடும்பத்துப் பிணக்காக வளர்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். ஆகவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி, மூன்றாவது காது அறிவதற்கு முன் நடக்க வேண்டிய அந்த ஒரேயொரு உரையாடலைப் பற்றியது.

விளங்குவதற்காக ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துக்கொள்வோம். கல்லடிப் பக்கத்துச் சபையொன்றில் ஓர் அக்கா பன்னிரண்டு பேரைச் சேர்த்து மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டுப் பிடிக்கிறார். மூன்றாம் மாதம் 60,000 ரூபாயை எடுத்த தங்கை, அதைக் கணவரின் வள்ளத்து இயந்திரத்தைத் திருத்தச் செலவழிக்கிறார். அதன்பின் இரண்டு மாதம் கட்டவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. அக்கா தன் கையிலிருந்து 10,000 ரூபாய் போட்டுச் சீட்டை ஓட்டுகிறார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் கூடியிருந்த ஜெபத்தில், "ஆண்டவரே, வாக்கு மாறுகிறவர்களின் கண்களைத் திறந்தருளும்" என்று உரத்து ஜெபிக்கிறார். யாரைச் சொல்கிறார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது.

முதற்படி: இது எந்த வகையான பிணக்கு என்று பாருங்கள்

வீட்டில் அடி உதை, பிள்ளைகள்மீது துன்புறுத்தல், மிரட்டல் ஆகியவை நடந்திருந்தால் இந்த விளக்கம் உங்களுக்கானது அல்ல. அப்படிப்பட்ட இடத்தில் "தனியே போய்க் கதையுங்கள்" என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகும். உடனடி ஆபத்துக்கு 119, பெண்களுக்கு 1938, சிறுவர் விடயங்களுக்கு 1929 ஆகிய இலக்கங்கள் இருக்கின்றன. அங்கே அறிவிப்பதை எந்தப் போதகரும் பாதிரியாரும் தடுக்கக்கூடாது.

மற்றவற்றில், மனத்தாங்கல் வேறு, விடயத் தகராறு வேறு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோரத்தில் வீடுகளோடு வேலிகளும் எல்லைக் கற்களும் சேர்ந்து போயின. அப்படி எல்லை தெரியாமற்போன இரண்டு வளவுகளுக்கிடையில் வரும் தகராறை, இருவரும் எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும், நில அளவையாளர் வந்து அளக்காமல் தீர்க்க முடியாது. நமது உதாரணத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன: 10,000 ரூபாய் ஒரு விடயம், ஜெபக்கூட்டத்தில் பட்ட அவமானம் இன்னொன்று. பணத்தில் தங்கை கடனாளி, அவமானத்தில் அக்கா கடனாளி. இதைப் பிரித்துப் பார்க்காமல் போனால், ஒருவர் பணத்தைப் பற்றியும் மற்றவர் மானத்தைப் பற்றியும் ஒரு மணிநேரம் கதைத்துவிட்டு, முன்னையிலும் கோபமாகப் பிரிவார்கள்.

இரண்டாம் படி: ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்

தாளை நடுவே மடித்து, ஒரு பக்கத்தில் நீங்கள் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். மறுபக்கத்தில் நீங்களாக நினைத்துக்கொண்டதை எழுதுங்கள். "இரண்டு மாதம் பணம் வரவில்லை, நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை" என்பது முதற் பக்கம். "என்னை ஏமாற்றத்தான் பார்க்கிறாள்" என்பது மறுபக்கம். கோபத்தின் பெரும்பங்கு மறுபக்கத்திலேயே இருப்பதைக் கண்டு நீங்களே சற்று வெட்கப்படலாம். நான் ஒருமுறை கரோல் ஒழுங்கு தொடர்பாக ஒருவரோடு மூன்று மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு இப்படி எழுதிப் பார்த்தபோது, முதற் பக்கத்தில் ஒன்றரை வரிதான் இருந்தது.

அதே தாளின் அடியில் உங்கள் பிழையையும் எழுதுங்கள். பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்குமுன் தன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுக்கச் சொல்லும் மத்தேயு 7ஆம் அதிகாரத்து வசனத்தை நாம் பெரும்பாலும் மற்றவருக்கே வாசித்துக் காட்டுகிறோம். எழுதி முடித்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள். குற்றப்பத்திரிகையோடு யார் வீட்டுக்கும் போகக்கூடாது.

மூன்றாம் படி: யாரிடமும் சொல்லாமல், ஒரு கிழமைக்குள் போங்கள்

மத்தேயு 18:15 சொல்லும் ஒழுங்கு தெளிவானது: உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்து. நம்மிடையே இந்த வசனம் அதிகமாக மீறப்படுவது, "உங்களிட்ட சொல்றது ஜெபிக்கிறதுக்காகத்தான்" என்ற முன்னுரையோடுதான். ஜெபிக்கக் கேட்பதற்குப் பெயரும் தொகையும் தேவையில்லை. "எனக்கு ஒரு பிணக்கு இருக்கிறது, பொறுமைக்காக ஜெபியுங்கள்" என்பது போதும்.

தவறு உங்களுடையது என்றாலும் நீங்கள்தான் போகவேண்டும். மத்தேயு 5:23, 24 வசனங்கள், காணிக்கையோடு பீடத்தண்டையில் நிற்கும்போது உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முன்பு போய் ஒப்புரவாகச் சொல்லுகின்றன. ஆகவே "அவர்தானே பிழை செய்தார், அவர் வரட்டும்" என்பதற்கும், "எனக்குக் கோபமில்லை, அவருக்குத்தான் கோபம்" என்பதற்கும் இடமில்லை.

சந்திக்கக் கேட்கும்போது குறுஞ்செய்தியில் காரணத்தை விரிக்கவேண்டாம். "தங்கச்சி, உன்னோட ஒரு விசயம் தனியாக் கதைக்க வேணும், நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வரட்டா?" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். வாட்ஸ்அப் குரல் பதிவு அறவே கூடாது. அழுகையும் கோபமும் கலந்த ஒரு நிமிடக் குரல், நீங்கள் தூங்குவதற்குள் வேறு பத்துப் பேரிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும் முற்றமும் ஏற்ற இடமல்ல. கச்சான் காற்று அனலாக வீசும் நடுப்பகலும் ஏற்ற நேரமல்ல. ஆணும் பெண்ணும் கதைக்க வேண்டியிருந்தால் விறாந்தையில், வீட்டார் காணக்கூடியதாக, ஆனால் காதில் விழாதபடி இருந்து கதையுங்கள்.

நான்காம் படி: அந்த உரையாடல்

முதலில் உங்கள் பிழையைச் சொல்லுங்கள், அதுவும் "ஆனால்" சேர்க்காமல். அக்கா இப்படித் தொடங்கலாம்: "வெள்ளிக்கிழமை நான் ஜெபத்தில சொன்னது உன்னைக் குத்தத்தான். அது பிழை." இதற்குப் பிறகு தங்கையின் தோள் இறங்குவதை நீங்கள் காண்பீர்கள். அடுத்து, தாளின் முதற் பக்கத்தில் இருந்ததை மட்டும் சொல்லுங்கள்: இரண்டு மாதக் காசு வரவில்லை, என் கையிலிருந்து போட்டேன், இந்த மாதம் எனக்கும் கஷ்டம். பிறகு ஒரு கேள்வி: "உனக்கு என்ன நடந்தது?" அதன்பின் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், முழு விளக்கத்திலும் கடினமான வேலை இதுதான். முதலில் பேசுகிறவன் நீதிமான் போலக் காணப்படுவான், அயலான் வந்து அவனைச் சோதிப்பான் என்று நீதிமொழிகள் 18:17 சொல்வது, மற்றவர் வாய் திறக்கும்வரை நம் கதை பாதிக் கதை என்பதைத்தான். இயந்திரம் மறுபடியும் பழுதாகி வள்ளம் வாவியில் இறங்கவேயில்லை என்பதும், வெட்கத்தினால்தான் தொலைபேசியை எடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "தெரியாமல் ஏதும் பிழை விட்டிருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பது நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் நாம் வழங்கும் மரியாதைச் சொல்லேயன்றி, மன்னிப்புக் கேட்டதாகாது. செய்த காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவேண்டும். அது யார் முன்னால் நடந்ததோ அவர்கள் முன்னாலேயே திருத்தவும் வேண்டும். பன்னிரண்டு பேர் கேட்க அவமானப்படுத்திவிட்டு, விறாந்தையில் மெதுவாக மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகாது. அடுத்த கூட்டத்தில் அக்கா இரண்டு வாக்கியத்தில் அதைச் சொல்லிவிடவேண்டும்.

பணமும் அப்படித்தான். சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னார் என்று லூக்கா 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மன்னித்தேன் என்பதால் கடன் அழிந்துவிடாது. கடன் இருக்கிறது என்பதால் மன்னிக்காமல் இருக்கவும் முடியாது. அன்றாடம் உழைப்பவர்களுக்கு மாதக் கடைசியில் 10,000 என்பது மலை. கிழமைக்கு 1,000 என்று பத்துக் கிழமை என்றால் முடியும். அதைத் திகதியோடு எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். "சபைக்குள் எதற்கு எழுத்து?" என்று கேட்பவர்களே பிறகு அதிகம் சண்டை பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: செவிகொடுக்காவிட்டால்

இரண்டொரு முறை முயன்றும் பலனில்லையென்றால் மட்டும் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போகலாம். அவர்கள் உங்கள் பக்கத்துச் சாட்சிகள் அல்லர். அங்கே பேசப்படுவதற்குச் சாட்சிகள். உங்கள் அண்ணனையும் மச்சானையும் அழைத்துப் போனால் அது ஒப்புரவல்ல, படையெடுப்பு. "நீங்கள்தான் பிழை" என்று உங்களிடம் நேரே சொல்லக்கூடிய, இரு குடும்பத்துக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லாத ஒருவரைத் தேடுங்கள். பிலிப்பியில் எவோதியாளும் சிந்திகேயாளும் பிரிந்திருந்தபோது, பவுல் யார் சரியென்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரே சிந்தையாயிருக்கும்படி இருவருக்கும் புத்தி சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவி செய்யும்படி மூன்றாமவர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் போதகரும் சபைக் குழுவும். அங்கும் செவிகொடாதவரை அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் எண்ணச் சொல்லும் வசனத்தைப் பலர் ஒதுக்கிவைக்கும் உரிமையாக வாசிக்கிறார்கள். அந்த வசனம் உள்ள நூல் மத்தேயு என்ற ஆயக்காரனின் பெயரைத் தாங்கியது என்பதையும், இயேசு ஆயக்காரரோடு பந்தியிருந்தார் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

பணமோ காணியோ தீராமல் நின்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதை 1 கொரிந்தியர் 6 கண்டிக்கிறது உண்மைதான். ஆனால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை நீதிமன்றமல்ல. அங்கே தீர்ப்பு வழங்கப்படுவதில்லை, இருவரும் தாங்களாக ஓர் இணக்கத்துக்கு வர மத்தியஸ்தர்கள் உதவுகிறார்கள். "சகோதரருடைய வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் இல்லையா" என்ற பவுலின் கேள்விக்குச் சபைக்குள் விடை கிடைக்காதபோது அங்கே போவதை நான் பாவமாக எண்ணவில்லை.

இதெல்லாம் செய்தும் முடியாமற் போவதுண்டு. பவுலும் பர்னபாவும் மாற்கு என்னும் யோவானை உடன் கூட்டிக்கொண்டு போவதில் கடுங்கோபம் கொண்டு பிரிந்தே போனார்கள். பல காலத்தின் பின்னரே, மாற்குவை அழைத்துவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோசனமுள்ளவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். "கூடுமானால், உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 அளவு வைத்துத்தான் கேட்கிறது.

கடைசிப் படி: வெளியே என்ன சொல்வது

சமாதானமான பிறகு ஊர் கேட்கும். பிரியுமுன் இருவரும் ஒரே பதிலைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்; "கதைச்சம், சரியாயிற்று" என்பது போதும். அதற்கு மேலும் துருவுகிற மாமியிடம் இன்றைக்கு மீன் என்ன விலை என்று கேளுங்கள்.