தக்காளியில் செங்காய் எது, பழம் எது என்று குழம்புகிறவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி பறிக்கப் போனால், செடிக்குள் பழுத்துத் தொங்குவதை விட்டுவிட்டு காயைப் பறித்துக் கூடையில் போடுகிற பையன் ஒருவனாவது இருப்பான். "கண்ண எங்கடா வெச்சிருக்க" என்று திட்டுவார்கள். அவன் சோம்பேறி இல்லை, பச்சை இலைக்கு நடுவில் சிவப்பு அவன் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது, அவ்வளவுதான். இப்படி நிறக்குருடு இருக்குமோ என்ற சந்தேகம் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இருந்தால் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.

முதலில், நிறக்குருடு என்றால் எல்லாம் கருப்பு வெள்ளையாகத் தெரியும் என்பது தப்பு, அப்படிப்பட்டவர்கள் மிக அபூர்வம். விழித்திரையில் நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. அதில் சிவப்புக்கோ பச்சைக்கோ உரியது சரியாக வேலை செய்யாதபோது சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து தெரியும். ஊதாவும் நீலமும் ஒன்றாகத் தெரியும், வெளிர் ரோஸ் சாம்பலாகத் தெரியும்.

வீட்டில் சோதிக்க வேண்டும் என்றால் கிரேயானின் மேல் பேப்பரை உரித்துவிட்டுக் கொடுங்கள். பேப்பர் இருந்தால் பிள்ளைகள் பெயரைப் படித்தே சமாளித்துவிடுவார்கள், கெட்டிக்காரர்கள். "இது என்ன கலர்" என்று கேட்காமல், "ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் சேர்த்து வை" என்று சொல்லுங்கள். பழுப்பும் பச்சையும் ஒரே குவியலில் சேர்ந்தால் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கண் பிரிவில் கேளுங்கள். அங்கே காட்டுகிற, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற படங்கள் ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பான் டாக்டர் 1917-ல் வெளியிட்டவை. முதல் படத்தில் 12 என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு படத்தில் மற்றவர்கள் 74 என்று படிப்பதை இவர்கள் 21 என்று படிப்பார்கள். எண் தெரியாத சின்னப் பிள்ளைக்கு விரலால் கோடு தொடர்கிற படங்கள் உண்டு. போனில் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், ஸ்கிரீன் வெளிச்சம் மாறினால் நிறமும் மாறிவிடும்.

பத்தாவது முடிப்பதற்குள் இதைப் பார்த்துவிடுவது நல்லது என்பேன். ரயில் ஓட்டுகிற வேலைக்கு, விமானம் ஓட்டுவதற்கு எல்லாம் நிறப் பார்வை கட்டாயம் பார்ப்பார்கள். வருடக்கணக்கில் படித்து, கடைசியில் மெடிக்கல் டெஸ்டில் திருப்பி அனுப்பப்படுவது கொடுமை. டிரைவிங் லைசென்ஸுக்கு 2020-ல் விதியைத் தளர்த்திவிட்டார்கள், குறைபாடு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் கிடைக்கும். சிக்னலில் மேலே சிவப்பு, கீழே பச்சை என்று இடத்தை வைத்தே ஓட்டிவிடலாம். ஆனால் சிலருக்குச் சிவப்பே மங்கலாகத் தெரியும், அவர்களுக்கு முன்னால் போகிற லாரியின் பிரேக் லைட்டும் மங்கல்தான். தொப்பூர் இறக்கத்தில் இரவில் போகும்போது மற்றவர்களைவிட அதிகமாகவே இடைவெளி விடுங்கள்.

இது யாரிடமிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் அம்மா வழி. தாய்மாமனையும் அம்மாவின் அப்பாவையும் விசாரித்துப் பாருங்கள். குறை இருக்கிற ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்குத்தான் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு 8 பேர், பெண்களில் இருநூறுக்கு ஒருவர் என்பது கணக்கு. பெண்ணுக்கு வர வேண்டுமென்றால் அப்பாவுக்குக் குறை இருந்து, அம்மாவும் அந்த ஜீனைச் சுமக்க வேண்டும். நம் பக்கம் தாய்மாமனையே கட்டிக் கொடுக்கிற வழக்கம் இருப்பதால், மாமனுக்கு இந்தக் குறை இருந்தால் பிறக்கிற பெண் குழந்தைக்கும் வர வாய்ப்பு கூடும். அம்மாவைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

சரி, சமாளிப்பது எப்படி? தக்காளி என்றால், வெளியூர் லோடுக்குச் செங்காயை, அதாவது பாதி பழுத்ததை, பிரிக்கிற வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, சைஸ் பிரிப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகத்தான் செய்ய வேண்டும் என்றால் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், மஞ்சள் பல்புக்குக் கீழே வேண்டாம். லேசாக அழுத்திப் பார்த்தால் பழம் கொஞ்சம் அமுங்கும், காய் அமுங்காது.

வயரிங் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். சிவப்பு மங்கலாகத் தெரிகிறவருக்கு, இருட்டான சுவிட்ச் பாக்ஸுக்குள் சிவப்பும் கருப்பும் ஒன்றுதான். வேறு சிலருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும், ஃபேஸும் எர்த்தும் மாறினால் உயிருக்கே ஆபத்து. புது வயர் என்றால் வயர் சுருளின் லேபிளில் கலர் பெயர் இருக்கும், அதைப் படித்து, பைப்புக்குள் இழுப்பதற்கு முன்பே இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்: ஃபேஸுக்கு ஒரு சுற்று, நியூட்ரலுக்கு இரண்டு, எர்த்துக்கு மூன்று. பழைய வயர் என்றால் கலரை நம்பவே நம்பாதீர்கள், டெஸ்டர் வைத்தே பாருங்கள். இது கண் நன்றாக இருக்கிறவர்களுக்கும்தான், முன்னால் வேலை செய்தவர் என்ன கலரை எதற்குப் போட்டாரோ!

பள்ளிக்கூடத்தில், பச்சை போர்டில் சிவப்பு சாக்பீஸ் வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவையுங்கள். போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குள் கலர் கரெக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், மாற்றி மாற்றிப் போட்டு எது ஒத்துவருகிறது என்று பாருங்கள். இதற்கென்று விற்கிற கலர் கண்ணாடிகள் சில நிறங்களைப் பிரித்துக் காட்டலாம், குறையைச் சரிசெய்யாது. என்னைக் கேட்டால் அந்தக் காசு தண்டம். அப்புறம், தெரிந்ததும் சட்டையைக் காட்டி "இது என்ன கலர், அது என்ன கலர்" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், எரிச்சலாக இருக்கும்.

மேலே சொன்னதெல்லாம் பிறவியிலேயே இருப்பதற்கு. நேற்றுவரை நன்றாகத் தெரிந்த நிறம் திடீரென்று மங்கினாலோ, ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளுத்துத் தெரிந்தாலோ அது வேறு சங்கதி, கண் நரம்பு பாதித்திருக்கலாம். டிபிக்குக் கொடுக்கிற எத்தாம்புட்டால் மாத்திரையாலும் இப்படி ஆகும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அன்றைக்கே போய் டிபி டாக்டரிடம் சொல்லி, கண்ணையும் காட்டிவிடுங்கள்.