தூங்கிக் கிடந்த மூன்று நெக் ஸ்டீல் கிட்டாரை எழுப்புவது எப்படி

டெக்சஸில் சான் அன்டோனியோவுக்கு வடக்கே ஒரு பழைய பண்ணை வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தையல் மெஷின் ஒன்று வாங்கத்தான் போனேன். கராஜ் மூலையில் சவப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. திறந்தால் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ரிங்மாஸ்டர், மின்சார ஸ்டீல் கிட்டார். மூன்று நெக் (கம்பிகள் ஓடும் தண்டு), நெக்குக்கு எட்டுக் கம்பி. இருபத்துநாலு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் மிச்சம், அதுவும் துரு. தையல் மெஷினை மறந்துவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதற்கு இன்றுவரை நான்தான் காரணம்.

சின்ன வயதில் வீணை கற்றவள் நான். இதைப் பார்த்ததும் கோட்டுவாத்தியம் ஞாபகம் வந்தது. இதிலும் மெட்டு கிடையாது. பலகையில் கோடுகள் உண்டு, ஆனால் அவை கண்ணுக்கு மட்டும். இடது கையில் ஓர் உருளை இரும்பு, அதைத்தான் 'பார்' என்கிறார்கள். அதைக் கம்பி மேல் வைத்து வழுக்கினால் சுரம் பிறக்கும். காலால் மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றும் பெடல் வருவதற்கு முன் ஒரு நெக்கில் ஒரே ஒரு சுருதி அமைப்புதான் வைக்க முடியும். வேறு வகைக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வேண்டுமென்றால் வேறு நெக்குக்குத் தாவ வேண்டும். டெக்சஸ் நடனக்கூடங்களில் வெஸ்டர்ன் ஸ்விங் என்ற ஜாஸ் கலந்த நாட்டுப்புற நடன இசை வாசித்தவர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு நெக் தேவைப்பட்டது அதனால்தான். ஃபெண்டர் இந்த மாடலை 1953இல் கொண்டுவந்தது.

கம்பியைத் தொடுமுன்

முதலில் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். கன்ட்ரோல் தகட்டைக் கழற்றினால் வால்யூம் 'பாட்'டின், அதாவது குமிழுக்கு அடியில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தின், முதுகில் எண் குத்தியிருக்கும். என்னுடையதில் 304634. முதல் மூன்று எண் பாட் செய்த கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த 6 என்பது 1956. கடைசி 34 அந்த ஆண்டின் 34ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. கிட்டார் அதே வாரத்தில் பிறந்தது என்று அர்த்தமில்லை. அதற்கு முன் பிறந்திருக்க முடியாது, அவ்வளவுதான். யாராவது பின்னாளில் பாட்டை மாற்றியிருந்தால் அதுவும் பொய். பழைய சாலிடர் மங்கலாக, யாரும் சீண்டாத மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

துடைப்பதில் அவசரம் கூடாது. மேல்பூச்சு நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனோ தின்னரோ பட்டால் போச்சு. நாஃப்தா என்ற கரைப்பானைத் துணியில் லேசாகத் தொட்டு, மரத்தை மட்டும் துடைத்தேன். கோடு போட்ட பலகைக்கு ஈரத்துணி போதும். எனக்கு இந்தப் புத்தி பிறந்ததே மூன்றாவது நெக்கில் ஏழாவது கோட்டின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான். இன்னொன்று: ரப்பரோ ஃபோமோ லாக்கர் மேல் நாள்கணக்கில் அழுந்தக் கூடாது. இரண்டும் சேர்ந்து இளகி ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் பழைய ஃபோம் இருந்தால் பருத்தித் துணி சுற்றி வையுங்கள்.

அளவு எடுக்காமல் கம்பி வாங்காதீர்கள்

நான் வாங்கினேன். எல்லோரும் சொல்கிற பட்டியலைப் பார்த்து சி6 என்ற சுருதி அமைப்புக்கு எட்டுக் கம்பி போட்டேன். மேலிருந்து கீழாக ஜி, ஈ, சி, ஏ, ஜி, ஈ, சி, ஏ. சுருதி சேர்ந்தது, ஆனால் கம்பி தொளதொளவென்று கிடந்தது. பாரை வைத்தாலே உள்ளே அமுங்கி, சுரம் கால் ஸ்தானம் ஏறிவிடும்.

காரணம் நீளம். ஸ்ட்ரிங்மாஸ்டர் 26, 24.5, 22.5 அங்குலம் என்று மூன்று நீளங்களில் வந்தது. சுருதிச் சாவிப் பக்கம் கம்பி உட்காரும் கட்டை நட், மறுகோடியில் உட்காரும் கட்டை பிரிட்ஜ். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை டேப் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னுடையது 22.5. நான் பார்த்த பட்டியல் 24.5க்கானது. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 24.5ஐ 22.5ஆல் வகுத்தால் 1.09, அதன் வர்க்கம் 1.19. நீளமானதில் கம்பி 19 சதவீதம் கூடுதல் விறைப்பாக இருக்கும். அதே விறைப்பு குட்டையானதில் வேண்டுமென்றால் கம்பியின் தடிமனை 9 சதவீதம் கூட்ட வேண்டும். 12 கேஜ் (கேஜ் என்றால் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) இருந்த இடத்தில் 13, 15க்கு 16, 18க்கு 20. மாற்றியதும் பார் வழுக்கும்போது கம்பி எதிர்த்து நின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 26 அங்குல நெக்கில் மேல் ஜி கம்பி அடிக்கடி அறுந்தால் மெல்லியதாக மாற்றிப் பார்ப்பார்கள். பெரிய பலன் இருக்காது. சுற்று இல்லாத எஃகுக் கம்பி எந்தச் சுருதியில் அறும் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் நீளம்தான், தடிமன் இல்லை. கம்பி நட்டிலோ பிரிட்ஜிலோ அறுகிறது என்றால் அங்கே கம்பி உட்காரும் காடியில், அதாவது பள்ளத்தில், பிசிர் இருக்கும், அதைத் தேய்த்துவிடுங்கள். நடுவிலேயே அறுந்தால் சுருதியை இறக்குவதுதான் வழி. நீள நெக்குக்கு ஏ6 பொருந்தும். ஈ, சி ஷார்ப், ஏ, எஃப் ஷார்ப், அதே வரிசை மறுபடி ஒருமுறை. மேல் கம்பி ஜி வரை போகாமல் ஈயில் நின்றுவிடும்.

மூன்று நெக்கிலும் ஏற்றி முடித்தால் கம்பிக்குச் சராசரி 25 பவுண்டு என்று வைத்தாலும் மொத்தம் 600 பவுண்டு. 270 கிலோ இழுக்கிறது. மரம் லேசாக வளைந்து கொடுக்கத்தான் செய்யும். ஒரு நெக்கைச் சுத்தமாகச் சுருதி சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதலாவது இறங்கியிருக்கும். மூன்றையும் சுமாராக ஏற்றி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் இரண்டு சுற்று சேருங்கள்.

பாருக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா?

இந்த வாத்தியத்தில் நான் அதிக நாள் செலவழித்தது இங்கேதான்.

சாதாரண கிட்டாரில் விரல் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக அழுத்தும். இங்கே ஒரே நேரான இரும்பு எட்டுக் கம்பி மேலும் உட்கார வேண்டும். அதனால் கம்பிகளின் மேல்முதுகு எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அடிவயிறு இல்லை, மேல்முதுகு. மேல் கம்பி 12 கேஜ், கீழ்க் கம்பி 42 கேஜ் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு, முக்கால் மில்லிமீட்டர். நட்டின் காடிகளை ஒரே ஆழத்தில் வெட்டினால் தடித்த கம்பி அந்த முக்கால் மில்லிமீட்டர் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பார் அதில் முட்டி, மெல்லிய கம்பிகளைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

நான் இதை ஒரு கடையில் கொடுத்தேன். வழக்கமான கிட்டார்களை நன்றாகப் பார்க்கிறவர்கள்தான். அழகாக, சீராக, எட்டுக் காடியையும் ஒரே ஆழத்துக்கு அறுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பாரை வைத்தால் கிர்ரென்று குளவி மாதிரி ஒரு சத்தம்.

சோதிக்கும் முறை இது. மூன்றாவது கோட்டருகே பாரை நேராக வைத்து, அதன் எடை மட்டும் கம்பி மேல் இருக்கும்படி விடுங்கள், அழுத்தாதீர்கள். பாருக்குப் பின்னால் டார்ச் அடித்து, கண்ணைக் கம்பி மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். எந்தக் கம்பிக்கும் பாருக்கும் நடுவில் வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அது தாழ்ந்திருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள், காதும் அதையே சொல்லும். பன்னிரண்டாவது கோட்டிலும் இதேபோல். நட் பக்கம் மட்டும் கிர்ரென்றால் நட்டில் கோளாறு, மேலே போகப் போக அதிகமானால் பிரிட்ஜில்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இளவயதில் நடனக்கூடங்களில் ஸ்டீல் வாசித்தவர். அவர் டார்ச்சை எல்லாம் சட்டை செய்யவில்லை. பாரை வாங்கி மேஜைக் கண்ணாடி மேல் உருட்டிக் காட்டினார். அது ஓர் இடத்தில் தயங்கி நின்றது. எப்போதோ கீழே விழுந்து மேடு தட்டியிருக்கிறது. நான் நட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது பாதிக் குற்றம் பார் மேல்! புது பார் வாங்கினேன். உருளை வடிவம், ஒரு முனை துப்பாக்கிக் குண்டு மாதிரி, குறுக்களவு எட்டில் ஏழு அங்குலம். எட்டுக் கம்பிக்கு அது சரி.

மீதிப் பாதிக்கு அரம். மெல்லிய கம்பியை அளவுகோலாக வைத்துக்கொண்டு தடித்த கம்பிகளின் காடிகளை மட்டும் ஆழமாக்க வேண்டும். கம்பியின் தடிமனுக்கேற்ற நட் அரம் தனியாகக் கிடைக்கிறது. இரண்டு இழுப்பு, கம்பியை மறுபடி மாட்டு, சுருதி ஏற்று, டார்ச். மறுபடி இரண்டு இழுப்பு. கம்பியைத் தளர்த்தி வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும். காடியின் தரை, சுருதிச் சாவி இருக்கும் பக்கம் லேசாகச் சரிய வேண்டும். கம்பி கடைசியாக விட்டு இறங்குகிற விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் ஒலி சுத்தமாக வரும். ஒரு நெக்குக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதாகப் பிடித்தது.

நெக் வளைவைச் சரிசெய்யும் ராடு எங்கே என்று தேடாதீர்கள், இதில் அந்தச் சமாச்சாரமே இல்லை. பிரிட்ஜ் நகரக்கூடிய வகை என்றால் நட்டிலிருந்து பன்னிரண்டாவது கோடு எத்தனையோ, அங்கிருந்து பிரிட்ஜும் அத்தனை. அதற்குமேல் நுணுக்கம் வேண்டாம், மிச்சத்தைக் கையும் காதும் பார்த்துக்கொள்ளும்.

கொரகொரப்பும் இரைச்சலும்

பாட்டைத் திருப்பும்போது கொரகொரத்தால் பாட் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கான்டாக்ட் கிளீனரைத் திறப்பு வழியாக ஒரு பீய்ச்சு அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முப்பது தடவை திருப்புங்கள். நெக் மாற்றும் சுவிட்சுக்கும் அதே வைத்தியம். என்னுடையதில் நடு நெக் ஊமையாக இருந்ததற்குக் காரணம் சுவிட்சில் படிந்த கறுப்பு, வேறொன்றுமில்லை.

பிறகும் ஊமை என்றால் மல்டிமீட்டர். பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) இரு முனையிலும் வைத்தால் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். எண்ணே வராமல் 'ஓஎல்' என்று நின்றால் உள்ளே மயிரிழைக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அதை நீங்களே பிரிக்காதீர்கள், சுற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்ட்ரிங்மாஸ்டரில் நெக்குக்கு இரண்டு பிக்கப். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்த முனையையும் மாற்றி வைத்திருப்பார்கள். இரண்டும் சேரும்போது கம்பியின் ஒலி கூடும், மின் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டாவது பிக்கப்பை எவ்வளவு கலப்பது என்பதற்கு ஒவ்வொரு நெக்கிலும் ஒரு சின்ன உருளைக் குமிழ் உண்டு. அதை முழுதாகத் திருப்பும்போது இரைச்சல் குறைந்து ஒலி தடித்தால் எல்லாம் சரி. ஒலி மெலிந்து தகர டப்பா மாதிரி ஆனால் யாரோ பிக்கப்பைச் சுற்றக் கொடுத்து, திரும்ப மாட்டும்போது இரு முனைகளையும் மாற்றிச் சாலிடர் செய்திருக்கிறார்கள்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது நல்ல அறிகுறி, கம்பிகளுக்கு எர்த் இருக்கிறது. தொட்டதும் சுருக்கென்றால் கிட்டாரை விட்டுவிட்டு ஆம்ப்பை, அதாவது ஒலிபெருக்கியைப் பாருங்கள். இரண்டு முள் பிளக் வைத்த பழைய வால்வு ஆம்ப்பை மூன்று முள்ளுக்கு மாற்றாமல் இரும்பு பார் பிடித்த கையோடு உட்காருவது தற்கொலை. அந்த வேலை தெரிந்தவரிடம் போக வேண்டும். உள்ளே இருக்கிற மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி எறியும்.

டியூனரை நம்பி ஏமாறாதீர்கள்

சி6 நெக்கை டியூனரில், அதாவது சுருதி காட்டும் கருவியில், எல்லாம் பச்சை விளக்கு எரியும்படி சேர்த்தால் கார்டு புளித்த மாதிரி இருக்கும். பியானோவுக்கு அது சரி. இங்கே நான்கு கம்பி ஒரே பாருக்கு அடியில் நீளமாக ஒலிக்கும்போது தொந்தரவு கேட்டுவிடும். தம்பூரா கேட்டு வளர்ந்த காதுக்கு இன்னும் சீக்கிரம். சியைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஜியை 2 சென்ட் (சென்ட் என்றால் ஒரு சுரஸ்தானத்தில் நூறில் ஒரு பங்கு) ஏற்றுங்கள். ஈயை 14 சென்ட் இறக்குங்கள், அதுதான் நம் அந்தர காந்தாரம் உட்காரும் இடம். ஏயை 16 சென்ட் இறக்குங்கள். ஏ6 நெக்கில் சி ஷார்ப்புக்கு 14, எஃப் ஷார்ப்புக்கு 16 என்று அதே கணக்கு. பெரியவர் இந்த எண் எதுவும் தெரியாமல், அதிர்வு நிற்கும் வரை காதால் இறக்கினார். டியூனரை வைத்துப் பார்த்தேன், ஈ 13 சென்ட் இறங்கியிருந்தது.

சுருதிச் சாவி கடினமாகச் சுற்றினால் பல்சக்கரத்தில் ஊசிமுனையால் ஒரே ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். அதைக் கடையில் வாங்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது நெக்கில் ஆறாவது கம்பி இன்னும் லேசாகக் கிர்ரென்கிறது. 30 கேஜ் அரம் வியாழக்கிழமை வருகிறது.