பிரேக்கில் காற்று எடுக்கும்முன் நிப்பிளைக் கவனியுங்கள்

எங்கள் கடலோர ஊரான மண்டபத்தில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர், சென்ற வாரம் தம் பழைய காரின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வாய் ஸ்பேனரை ப்ளீடிங் நிப்பிளில் (பிரேக்கில் சேர்ந்த காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகாணி) மாட்டி அழுத்தப் போனதைப் பார்த்ததும், ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாய் ஸ்பேனரால் நிப்பிளைத் திறப்பது

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்தேன். நிப்பிளின் தலைக்கு ஆறு முகங்கள். வாய் ஸ்பேனர் பிடிப்பது இரண்டை மட்டுமே. மூலைகள் மழுங்கின. பிறகு வைஸ் கிரிப் என்னும் இறுக்கிப் பிடிக்கும் குறடு போட்டுத் திருகினேன்; உள்ளே துளையுள்ள மெல்லிய திருகாணி ஆதலால் அது முறிந்து, பாதி, பேடுகளை டிஸ்கில் அழுத்தும் பாகமான காலிப்பருக்குள்ளேயே தங்கிவிட்டது. தலையைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு ரிங் ஸ்பேனர் வாங்கத் தயங்கியதற்குக் காலிப்பரையே மாற்ற நேர்ந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நம் கரையில் இந்த ஆபத்து கூடுதல். நிப்பிளின் ரப்பர் மூடி தொலைந்துவிட்டால், கச்சான் காற்று கொண்டுவரும் உப்பு துளையை அடைத்து, மரையையும் துருவால் இறுக்கிவிடும். ஆகவே முதல்நாள் மாலையே கம்பிப் பிரஷால் அடியைத் தேய்த்து, டிஸ்கிலும் பேடிலும் படாமல் துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். காலையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, ஆறுமுக சாக்கெட்டால் இளக்கிய பின்னரே ரிங் ஸ்பேனரையும் குழாயையும் மாட்டுங்கள். மிதமான பலத்துக்கு அசையாவிட்டால் அங்கேயே நிறுத்திப் பட்டறைக்காரரை அழையுங்கள்.

தொளதொளத்த குழாய்

மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிவான காற்றுக்குழாய் போதும். நுனியை வெந்நீரில் இளக்கி, ஈரம் துடைத்து மாட்டினால் இறுக்கமாக உட்காரும். மறுநுனி, பாட்டிலில் சிறிதளவு ஊற்றிய புதிய பிரேக் ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். உதவிக்கு ஒருவர் பிரேக் பெடலை மிதிக்கும்போது நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுக்கும்முன் மூடிவிட வேண்டும். தாமதித்தால் வெளிக்காற்று மரை வழியே உள்ளே போகும்.

எஞ்சின் ஆயில் பட்ட புனல்

கூடவே கூடாது, ரப்பர் சீல்கள் உப்பிவிடும்.

போன வருடம் திறந்த பாட்டில்

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 155. ஆகையால் மீதியைச் சேமிக்காமல், சிறிய பாட்டிலாகவே வாங்குங்கள்.

பெயின்டில் சிந்தியது

உடனே தண்ணீரால் கழுவுங்கள்.