எரிவாயுக் கிணற்றுக்குப் பக்கத்தில் போர்வெல் இருந்தால்: தண்ணீரைச் சோதிக்கும் முறை

காவிரிப் படுகையைப் பாதுகாக்க 2020-ல் வந்த சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளைத் தொடவில்லை. அவற்றில் எரிவாயுவோடு உப்புநீரும் மேலே வரும். குழாய் உடைந்தாலோ கழிவுக்குட்டையின் விரிப்பு கிழிந்தாலோ அது வயலில் பாயும், போர்வெல் தண்ணீரிலும் இறங்கலாம். தண்ணீர் கரிக்கிறது என்று புகார் கொடுத்தால், கடல்நீர் ஏறியிருக்கும் என்பார்கள். நாகப்பட்டினம் பக்கம் அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த மொத்த உப்புகளின் அளவு) மட்டும் பார்த்த ரிப்போர்ட்டை வைத்து எதுவும் பேச முடியாது.

குளோரைடு, சல்பேட், புரோமைடு, பேரியம், பென்சீன், கரைந்த மீத்தேன் எல்லாவற்றையும் சோதிக்கும்படி லேபில் கேளுங்கள். கடல்நீரில் சல்பேட்டைப் போல ஏழு மடங்கு குளோரைடு இருக்கும், பேரியம் பெயருக்குத்தான். எரிவாயுவோடு வரும் ஆழத்து உப்புநீர் பெரும்பாலும் வேறு மாதிரி: குளோரைடோடு ஒப்பிட்டால் சல்பேட் இன்னும் குறைவு, பேரியம் கூடுதல். சல்பேட்டும் பேரியமும் ஒரே தண்ணீரில் அதிகமாக நிற்காது, சேர்ந்து படிந்துவிடும். குடிநீரில் பேரியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.7 மி.கி. மீத்தேன் மட்டும் வந்தால் அவசரப்பட வேண்டாம். சதுப்பு மண்ணிலும் அது உண்டாகும்.

மாதிரியை டேங்கிலிருந்து பிடிக்காதீர்கள், வாயு பறந்துபோயிருக்கும். மோட்டாரை 15–20 நிமிடம் ஓடவிட்டு, ஈ.சி. மீட்டரின் (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் கருவி) எண் அசையாமல் நின்ற பிறகு போர்வெல் வாயிலேயே பிடிக்க வேண்டும். உப்புகளுக்கு 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணீரில் மூன்று முறை அலசி. பேரியத்துக்கு லேப் நைட்ரிக் ஆசிட் விட்டுத் தரும் பாட்டில். இதை அலசவே கூடாது. பலரும் பழக்கதோஷத்தில் அலசி ஆசிட்டைக் கொட்டிவிடுகிறார்கள், பிறகு பேரியம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு ரிப்போர்ட்டில் குறைவாக வரும். பென்சீனுக்கும் மீத்தேனுக்கும் 40 மி.லி. கண்ணாடிக் குப்பிகள், தளும்ப நிரப்பி மூட வேண்டும். கவிழ்த்துத் தட்டினால் ஒரு குமிழிகூட மேலேறக் கூடாது; ஏறினால் புதிதாகப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபுக்கு அனுப்புங்கள். வாயு இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது ஆபத்து.

கசிவுக்குப் பிறகு எடுத்த ரிப்போர்ட் பாதி ஆதாரம்தான். ஒன்றும் நடக்காத காலத்திலேயே மே மாதத்தில் ஒன்று, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒன்று எடுத்து வைத்தால்தான் ஒப்பிட முடியும். செலவு கூடுதல், பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பங்கு போடலாம்.

வயலில் பாய்ந்துவிட்டால் மேல்மண்ணை 0–15, 15–30 செ.மீ. என்று தனித்தனியாக எடுங்கள். மண் ஈ.சி. 3 dS/m-ஐத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையும் என்பது நிறைசாறு முறைக்கான (மண்ணைத் தண்ணீரில் கூழாகக் குழைத்துப் பிரித்த சாற்றைச் சோதிப்பது) கணக்கு. மண் லேப் 1:2 கரைசலில் (ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர்) பார்த்திருந்தால் எண் குறைவாகத்தான் வரும். எந்த முறை என்று எழுதி வாங்குங்கள். நஷ்டஈட்டுக்கு அடங்கல் நகல், முந்தைய போகங்களின் கொள்முதல் நிலைய ரசீதுகள், கருக்காய் விழுந்த கதிர்களின் தேதியிட்ட படங்கள் தேவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் கலெக்டருக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மாசை நிறுத்தக் கேட்பதற்கு 6 மாதம், நஷ்டஈடு கேட்பதற்கு 5 ஆண்டு கெடு.