ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு: எத்தனை மணி, எந்தக் கிழமை?

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் பறக்கும் என்று வகுத்துப் பார்த்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். அந்தக் கணக்கை நம்பி இங்கே யாரும் உலை வைக்க வேண்டாம். அங்கிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் கிடையாது. டுபாயிலோ டோஹாவிலோ லண்டனிலோ இறங்கி மாறித்தான் வர வேண்டும். லண்டன்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. சுமார் 8,700 கிலோமீற்றரை ஏறக்குறைய பதினொரு மணி நேரத்தில் நேரே கடந்துவிடுவார்கள்.

ஒரு கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து மாமா குடும்பம் வந்தது. "செவ்வாய் இரவு ஏறுகிறோம், நாலு இருபதுக்கு இறங்குவோம்" என்றார். நானும் வான் பிடித்துக்கொண்டு புதன் விடியப்புறம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். அறிவிப்புப் பலகையில் அந்த விமானத்தைக் காணவில்லை. பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தால் மாமாவே பேசினார். "இப்போதுதான் பெட்டி நிறுக்கிறோம், என்ன விஷயம்?" அங்கே செவ்வாய் மாலை ஆறரை மணி.

அவர்களுடைய பயணத்தைப் பிரித்துப் பாருங்கள். இரவு பத்துக்கு ஏறி டுபாய்க்குப் பன்னிரண்டரை மணி நேரம், அங்கே நான்கு மணி நேரக் காத்திருப்பு, பிறகு கொழும்புக்கு நான்கு மணி இருபது நிமிடம். மொத்தம் இருபத்தொரு மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. ஆனால் கோடையில் கொழும்பு ஒன்பதரை மணி நேரம் முந்தி நிற்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. ஆகவே இறங்கியது வியாழன் அதிகாலை. உறவினருக்குச் சொல்லும்போது ஏறும் கிழமையை விட்டுவிட்டு, டிக்கெட்டில் கொழும்பு என்ற வரிக்கு நேரே உள்ள திகதியையும் விமான இலக்கத்தையும் அனுப்புங்கள்.

இடைத்தங்கலை ஒன்றரை மணிக்குச் சுருக்கிக் கெட்டித்தனம் காட்ட வேண்டாம். முதல் விமானம் சற்றுப் பிந்தினாலே அடுத்தது கைவிட்டுப் போகும். பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வந்தால் மூன்று, நான்கு மணி நேரம் இருக்கட்டும். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; தனித்தனியே வாங்கினால் நடுவழியில் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரலாம்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் வரைபடத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டுநாயக்க, கொழும்பு நகருக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வெள்ளவத்தைக்கு வந்து பஸ் ஏறினால் தெற்கே வந்து திரும்பவும் வடக்கே போவதாகும். காலையில் இறங்குகிறவர்கள் வான் ஒழுங்கு செய்து நீர்கொழும்பு, புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக நேரே போகலாம். ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். இரவில் இறங்கினால், சாரதிக்கும் நித்திரை வரும் என்பதை நினைத்து, நீர்கொழும்பிலோ எங்கள் வீடுகளிலோ படுத்து எழும்பிப் போங்கள்.

திரும்பும் பயணம் இன்னும் நீளம். மேற்கே பறக்கும்போது உயரத்தில் வீசும் காற்று எதிர்த்து அடிப்பதால் டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணி நேரமளவில் ஆகும். ஆனால் கடிகாரம் பின்னோக்கிப் போவதால், விடியப்புறம் இங்கே ஏறினால் பெரும்பாலும் அதே நாளில் அங்கே இறங்கிவிடலாம். மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று மாமா போட்ட திட்டத்தை மாமி ஒரே பார்வையில் நிறுத்தினார்.