கொட்டிலில் நிற்கிற மோட்டார் சைக்கிளை எடுக்கமுன்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் ஊருக்குப் போனால் மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சமிருக்காது. சித்தப்பாவோ மச்சானோ திறப்பை நீட்டி, "ஒரு பிரச்சினையும் இல்லை, கொண்டுபோங்கோ" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர அது அவருக்குக் காணும். நீங்களோ பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்கோ, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி மன்னாருக்கோ போக நினைக்கிறீர்கள்.

வீட்டில் இரண்டு நின்றால், தினமும் ஓடுகிற கீறல் விழுந்த பழசையே கேளுங்கள். சீலையால் மூடி வைத்த பளபளப்பானது வேண்டாம். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் அங்கே ஓடுபவற்றில் பெரும்பாலானவை வயதானவைதான். வயது பெரிய குறையல்ல, ஓடாமல் நின்றதுதான் குறை.

நிற்கிற பைக்கில் முதலில் கெடுவது பெற்றோல். தாங்கி மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வார்னிஷ் மாதிரிப் புளித்த மணம் வந்தால் அதை ஸ்ராட் பண்ணாதீர்கள். பழைய பெற்றோலை இறக்கி, காபரேற்றரைக் கழுவி, புதிது விட்டுத்தான் எடுக்க வேண்டும். உள்ளே துரு இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள். லைற்றரைக் கொளுத்திப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள்! சீற்றைக் கழற்றினால் எலி கடித்த வயர் தெரியும். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது ரயர். பூ (வீதியைப் பிடிக்கிற வரிகள்) நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஓடாத ரயரில் பூ தேயாது, ஆனால் வெயிலில் றப்பர் வெடிக்கும். பக்கவாட்டில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். அங்கேயே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அப்படியானதைத் தூர ஓட்டத்துக்கு நான் நம்பமாட்டேன், மாற்றச் சொல்வேன். காற்று எவ்வளவு என்று செயின் கவர்ப் பக்கம் ஒட்டியிருக்கும். பல்சர் 150க்கு முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியாள் என்றால் 28, இரண்டு பேர் என்றால் 32 பிஎஸ்ஐ. கையால் அமத்திப் பார்த்து "காணும்" என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

பிரேக்கில் ஒரு ஊர்ப்பழக்கம் உண்டு. "முன் பிரேக் பிடித்தால் குத்துக்கரணம் அடிக்கும்" என்று சொல்லியே பலர் பின் பிரேக்கால் மட்டும் ஓட்டுகிறார்கள். அதனால் முன் பிரேக் கேபிள் துருவேறி இறுகியிருக்கும், அல்லது தளர்ந்து தொங்கும். டிஸ்க் பிரேக் என்றால் எண்ணெய்க் குப்பியில் மட்டத்தைப் பாருங்கள், கறுத்துப் போயிருந்தால் மாற்றுவிக்க வேண்டும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி பைக்கை முன்னும் பின்னும் உந்துங்கள். ஹாண்டிலின் கழுத்தில் "டக் டக்" என்று அடித்தால் பெயரிங் போயிருக்கும். நடு ஸ்ராண்டில் ஏற்றி, சில்லைப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள்.

செயின் கடற்காற்றில் சீக்கிரம் துருவேறும். கீழ்ப்பக்கத்தை விரலால் தூக்கினால் ஓர் அங்குலமளவு ஆட வேண்டும். சில்லைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தொங்கினால் அது முடிந்த செயின். ஒயிலை பைக்கை நிமிர்த்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும். லைற், ஹோர்ண், சிக்னல் எல்லாம் இரண்டு நிமிட வேலை. பிரேக் லைற்றை மட்டும் கை, கால் இரண்டாலும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று எரிந்து மற்றது எரியாமல் இருக்கும்.

இவ்வளவையும் முதல்நாள் பின்னேரமே பாருங்கள். காலையில் பார்த்தால், குழப்பம் இருந்தாலும் "பரவாயில்லை" என்று வெளிக்கிட்டுவிடுவீர்கள். கராஜுக்குக் கொண்டுபோனால் செலவை நீங்களே கொடுங்கள், எதை மாற்றினீர்கள் என்று உரிமையாளருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டிப் பழகிவிட்டுத்தான் பெருவீதிக்கு ஏற வேண்டும். பல்சரில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. ஸ்பிளெண்டரில் நாலும் கீழேதான், குறைக்கக் குதியால் மிதிக்க வேண்டும். ஸ்கூட்டியில் இடக்கைப் பிடி கிளச் அல்ல, பின் பிரேக். கியர் பைக் ஓடிய கை அதைக் கிளச் என்று நினைத்து முழுதாக இழுக்கும், வழுக்கி விழுத்தும். பழைய பைக்குகளில் பக்க ஸ்ராண்டை மடிக்காவிட்டாலும் என்ஜின் நிற்காது, இடப்பக்க வளைவில் அது நிலத்தில் குத்தும். பாரிஸ், சூரிச், ஒஸ்லோவிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: நெரிசலில் இடப்பக்கம் பிடிப்பது சுலபம், முன்னால் போகிறவனைப் பார்த்துப் போகலாம். வெறும் வீதியில் காலையில் கேற்றை விட்டு இறங்கும்போதுதான் கை தானாக வலப்பக்கம் போகும்.

பத்திரங்களில் மூன்று வேண்டும்: வருமான அனுமதிப்பத்திரம் (வாகனத்துக்கு வருடாவருடம் எடுக்கிற ரெவனியூ லைசென்ஸ்), காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இல்லாமல் முதலாவது கிடைக்காது, ஆகவே நெடுநாள் நின்ற பைக்கில் மூன்றுமே காலாவதியாகி இருக்கலாம். திகதியை வாசியுங்கள். உங்கள் உரிமத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். கார் உரிமத்தையும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் காட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பொலிஸ் விட்டாலும், விபத்து என்று வந்தால் உங்கள் பயணக் காப்புறுதிக்காரர் விடமாட்டார். சர்வதேசப் பத்திரத்தை இலங்கையில் செல்லுபடியாக்கவும் வேண்டும், புறப்படமுன் அதன் நடைமுறையை விசாரித்து வையுங்கள்.

ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். அலுமாரிக்கு மேல் கிடந்த ஹெல்மெட்டின் உள் ஸ்பொஞ்சைச் சுரண்டினால் மாவாகக் கொட்டும். பெட்டியில் இடமிருந்தால் உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

பூநகரி–மன்னார் வீதியில் ஆள் நடமாட்டம் குறைவு, பெற்றோலை முன்கூட்டியே நிரப்புங்கள், பெற்றோல் காட்டுகிற முள்ளை நம்பாதீர்கள். பொழுதுபட்டபின் மாடுகள் வீதியில் படுக்கும், ஆகவே இருட்டமுன் திரும்பக்கூடிய நேரத்துக்கு வெளிக்கிடுங்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும் சீற்றுக்கடியில் இருக்கட்டும். தொலைபேசியில் கராஜ்காரரின் இலக்கம், பொலிஸுக்கு 119, அம்புலன்சுக்கு 1990.